மூன்று பிரதிகளில் ஒரு புளியமரம்

எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பதில் அப்புறம். பல சமயம் பதில் வருவதற்குள் கேட்டவர் எழுந்து போய்விடுகிறார். அவர்மேல் தப்பில்லை, கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனால் அதே கேள்வியை இருபத்தெட்டு வயதில் நான் கேட்டபோது ஒரு மனிதரிடம் கேட்கவில்லை; ஒரு ஃபைலிடம் கேட்டேன். அட்டை போட்டு, நாடா கட்டி, எண் எழுதிய ஃபைல். அது மூன்று வருஷம் யோசித்தது. கடைசியில் அது சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

ஐம்பதுகளின் பின்பாதி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். காலையில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, கன்டோன்மென்டில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகப் போய் உட்காருவேன். சொந்த ஊர் உப்பிலியபுரத்துக்கும் அந்தப் பக்கம், பச்சைமலை அடிவாரம். எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காமல் பேனா பிடித்த முதல் ஆள் நான். வேலை உத்தரவு வந்த அன்று அப்பா அதை ஊர் முழுக்கக் காட்டினார். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த வேலையை விடுவதென்றால் அந்த முத்திரையைத் தொட்ட அத்தனை விரலுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

விடுவதைப் பற்றி ஏன் யோசித்தேன் என்றால், மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் என் கதைகள் இரண்டைப் பிரசுரித்தவர். 'உதவி ஆசிரியர் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார், ஏனென்றால் இருப்பவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நீர் வருகிறீரா?' என்று எழுதியிருந்தார். அழைப்பிலேயே எச்சரிக்கையையும் சேர்த்து எழுதிய நேர்மையாளர்.

கார்டை மனைவியிடம் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"போறதுன்னா போலாங்க. மெட்ராஸ்லயும் அரிசி வேகும்."

"யோசிக்கணும்."

"யோசிங்க. ஆனா கீரை வெந்து எறங்கறதுக்குள்ள யோசிச்சு முடிச்சிருங்க. அப்புறம் சாப்ட்டுட்டுத் தூங்கிருவீங்க."

தூங்கித்தான் போனேன். எழுந்ததும் எனக்கு ஓர் அருமையான வழி புலப்பட்டது. அரசாங்க ஊழியன் பத்திரிகையில் கதை எழுத வேண்டுமானால் மேலதிகாரியின் முன்அனுமதி வேண்டும். சரி, அனுமதி கேட்டு மனுப் போடுவோம். கிடைத்தால் வேலையிலும் இருக்கலாம், கதையும் எழுதலாம். மறுத்தால் ரோஷத்தோடு மெட்ராஸ் ரயில் ஏறலாம். என் ஆயுளின் ஒரே பெரிய கேள்வியை இப்படி அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கோழைத்தனத்துக்கு நிர்வாக நடைமுறையைப் போல ஒரு தோதான உறை கிடையாது.

மனுவோடு கதையை மூன்று பிரதிகளில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் ஒரு புளியமரத்தை ரோடு போடுகிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதில் ஒரு வரி இருந்தது: 'வெட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்த மரம் இத்தனை நாளும் எவ்வளவு வெயிலைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று.' சுமாரான கதைதான். அந்த வரி மட்டும் சுமார் இல்லை. அதை எழுதிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வடக்கு வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

நாலு மாதம் கழித்து ஆபீசரிடமிருந்து முதல் கேள்வி இறங்கி வந்தது. வெட்டப்பட்ட மரம் எந்த இலாகாவுக்குச் சொந்தமானது? வெட்டுவதற்கு உரிய உத்தரவு பெறப்பட்டதா? மரம் கற்பனை என்று பதில் எழுதினேன். ஆறு மாதம் கழித்து அடுத்த கேள்வி: கற்பனையான மரம் இந்த ஜில்லாவின் எல்லைக்குள் இருப்பதாகக் காட்டியதன் நோக்கம் என்ன? நோக்கம் நிழல் என்று எழுதினேன். கிண்டல் என்று அடித்துவிட்டு ஹெட் கிளார்க்கே வேறு பதில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் பஸ்ஸைப் பற்றி ஒரு கேள்வி. கதையில் பஸ் தாமதமாக வருகிறது. இது போக்குவரத்து ஏற்பாட்டைக் குறை கூறுவது ஆகாதா? நான் பஸ்ஸைச் சரியான நேரத்துக்கு வரவழைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் மரத்தடியில் யாரும் நிற்க வேண்டியதில்லை, கதையே இல்லை. இருந்தாலும் வரவழைத்தேன்.

இதற்கிடையில் நான் எழுதாமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரே என்னை எழுத வைத்தது. கல்யாண வாழ்த்து மடல், மஞ்சள் நீராட்டுக்கு வாழ்த்து, கருமாதிக்கு இரங்கல் பா, சாக்கடை அடைத்துக்கொண்டால் முனிசிபாலிடிக்கு விண்ணப்பம், கோபித்துக்கொண்டு போன சம்பந்திக்குச் சமாதானக் கடிதம். "சும்மா உக்காந்துதானே இருக்கீங்க, ரெண்டு வரி போட்டுக் குடுங்க" என்று வருவார்கள். தையற்காரரிடம் போய், சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள், ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுதுகிறவனிடம் மட்டும் துணியும் அவனுடையது, நூலும் அவனுடையது, கூலி 'நல்லா இருக்கு'. அந்த 'நல்லா இருக்கு'வையும் பலர் மறந்துவிடுவார்கள்.

நான் மறுத்ததே இல்லை. கோபப்படுவேன், எழுதிக் கொடுப்பேன். எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வரும்.

மூன்றாவது வருஷம் ஆபீசருக்கு மாற்றல் வந்தது. மதுரைப் பக்கம் போகிறார். ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்து, பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே நின்றார். அவர் நின்றுகொண்டு பேசினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"தம்பி, பிரிவுபசார மடல் ஒண்ணு வேணும். கண்ணாடி பிரேம் போட்டு, பூ பார்டர் வெச்சு, ஜம்முனு இருக்கணும்."

"அவருக்கா? நான் எழுத மாட்டேன் சார்."

"ஏன்?"

"மூணு வருஷமா என் ஃபைலை அடை காக்கறாரு."

"அதனாலதான் எழுதச் சொல்றேன். கோழி எந்திரிக்கப் போவுது. போறப்போ குஞ்சு பொரிச்சிட்டுப் போகட்டுமே. நல்லா நாலு வார்த்தை எழுதுங்க. மனசு குளுந்து கையெழுத்துப் போட்டுருவாரு. ஃபைலை நானே மேஜையில எடுத்து வெக்கிறேன்."

இதுதான் அந்த ஆபீசில் எனக்கு வந்த ஒரே லஞ்ச யோசனை. கொடுக்க வேண்டியது என் எழுத்து. வாங்கப் போவது எழுதும் உரிமை. நான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். 'விடைபெறும் பெருந்தகையீர்!' என்று ஆரம்பித்துவிட்டுப் பேனாவைக் கடித்தேன். இந்த மனிதரிடம் புகழ என்ன இருக்கிறது? நேரத்துக்கு வருவார். நேரத்துக்குப் போவார். நடுவில் யாருடைய லீவு மனுவையும் ஒரே தடவையில் அனுமதித்தது கிடையாது. 'காலம் தவறாக் கடமையாளர்' என்று ஒரு வரி. 'எதையும் ஆழ்ந்து ஆராய்பவர்' என்று ஒரு வரி, அது என் புளியமரத்துக்காக. இப்படிப் பதினைந்து வரிக்கு உருட்டினேன். ஒன்றிலும் உயிரில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த அந்தக் கேடுகெட்ட ஆசை எழுந்து உட்கார்ந்தது. மூன்று வருஷமாக என் நல்ல வரி மூன்று பிரதிகளில் இருட்டில் கிடக்கிறது. பத்திரிகையில் வர வழியில்லை. இந்த மடலாவது அச்சில் வருமே? அச்சு மையில் அந்த வரி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே?

'தாங்கள் சென்ற பிறகுதான் உணர்வோம், வெட்டிய பிறகே தெரிகிறது ஒரு மரம் எவ்வளவு வெயிலைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று.' எழுதிவிட்டேன். அந்த மனிதரின் நிழலில் யாரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

பாலக்கரையில் ஒரு சின்ன அச்சகம். உள்ளே போனால் மண்ணெண்ணெயும் மையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அச்சுக் கோப்பவர் என்னைவிட மூத்தவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வெறுங்கண்ணால் எழுத்துப் பொறுக்குகிறவர். இரண்டு நாள் கழித்துப் புரூஃப் பார்க்கப் போனேன். மரம் இல்லை.

"இங்க ஒரு வரி இருந்துச்சே?"

"நிக்கலை சார். பூ பார்டர் பிரேம் சைசுக்குத்தான் இருக்கு. இருபது வரிதான் புடிக்கும். மேல பேரு, கீழ ஊழியர்கள்னு எல்லாம் சேத்து நீங்க இருபத்தொண்ணு குடுத்திருக்கீங்க. நீளமா ஒரு வரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"அதைத்தானா எடுப்பீங்க?"

"அதுல ஆபீசரைப் பத்தி ஒண்ணும் இல்லையே சார். மரம்னுல்ல இருந்துச்சு?"

சண்டை போட்டேன். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். அந்தச் சைசில் 'ழ' அச்சு போதவில்லை என்றார். பார்டரை எடுக்கச் சொன்னேன். பூ இல்லாமல் கொடுத்தால் கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும் என்றார். 'காலம் தவறாக் கடமையாளர்' போகட்டும் என்றேன். அதைத்தான் ஹெட் கிளார்க் சத்தம் போட்டு வாசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சண்டை நான் போட்டதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட 'உங்க இஷ்டம்' என்றுதான் அப்பாவிடம் சொன்னேன்.

கடைசியில் நானே வழி கண்டுபிடித்தேன். மேலே ஆபீசரின் பெயர் இரண்டு வரியை அடைத்துக்கொண்டிருந்தது. பெயர் முதல் வரி, 'எம்.ஏ., பி.எல்., அவர்கட்கு' இரண்டாவது வரி. எம்.ஏ.யையும் பி.எல்.லையும் எடுத்துவிட்டால் 'அவர்கட்கு' மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வரி மிச்சம்.

"பட்டத்தையா எடுக்கச் சொல்றீங்க?" அச்சுக் கோப்பவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். நெற்றியிலிருந்து அது மூக்குக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஆமா."

"சார், எனக்கு இதுல அனுபவம் உண்டு. வேண்டாம்."

"எடுங்க."

எடுத்தார். மரம் உள்ளே வந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாலக்கரையிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே ஆபீசுக்குப் போனேன்.

பிரிவுபசாரத்தன்று மாலை ஆபீசில் கேசரி, மிக்சர், காபி. ரோஜா மாலை. ஹெட் கிளார்க் மடலைக் கோயிலில் கட்டியம் கூறுகிறவர்போல வாசித்தார். மரத்துக்கு வந்தபோது அவரும் கொஞ்சம் நிதானித்தார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது ஜலதோஷமாகக்கூட இருக்கலாம். எனக்குப் போதும். ஆபீசர் பிரேமை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய பார்வை முதல் வரியைத் தாண்டி இறங்கவே இல்லை.

அரைமணியில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிரேம் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அவருடைய இடது கைக்குக் கீழே என் ஃபைல். ஹெட் கிளார்க் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

"யாருய்யா எழுதினது?"

"நான்தான் சார்."

"என் பேருக்குப் பின்னால ஏதோ கொறையுதே."

"இடம் பத்தலை சார்."

"இடம் பத்தலை." மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "ரெண்டு பட்டம் வாங்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுது. அதுக்கு இடம் பத்தலை. மரத்துக்கு இருக்கு?"

பிரேமை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அந்த மரம்... அது எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே. எங்கேருந்துய்யா எடுத்தே?"

உங்கள் இடது கைக்குக் கீழேயிருந்து என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிலை அன்றிலிருந்து குறைந்தது ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், குளிக்கும்போது, சவரம் செய்யும்போது, பஸ்ஸில். அன்றைக்கு அங்கே என் வாயில் வந்தது, "சொந்தமா எழுதினதுதான் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

மறுநாள் அவர் போய்விட்டார். ஃபைல் இறங்கி வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தார், தமிழில் இவ்வளவுதான்: மனுதாரர் முக்கியமான விவரங்களை விட்டுவிடும் இயல்புள்ளவர். அவர் எழுதுபவை அவருடைய சொந்தச் சரக்குதானா என்பதும் சந்தேகத்துக்குரியது. அனுமதி இல்லை.

நான் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி அன்றே மெட்ராஸ் ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறினேனா? ஹெட் கிளார்க், "விடுங்க தம்பி, புது ஆபீசர் வரட்டும், புதுசா ஒரு மனுப் போடுவோம்" என்றார். நான் அதை யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது புது மனுவின் முதல் வாக்கியத்தை மனசுக்குள் எழுதியும் முடித்துவிட்டேன். ஆபீசர்மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் அந்த முதல் வாக்கியத்தை எழுதியவன்மேல் வந்த கோபத்துக்கு அது உறை போடக் காணாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி முழுக்கக் கேட்டாள்.

"மரத்துக்கு எழுதினதை எடுத்து அந்த ஆளுக்கா போட்டீங்க?"

"அச்சுல பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"நல்ல ஆசை. மூணு காப்பி ஆபீசுல இருக்கு. நாலாவது எங்க?"

"பெட்டியில. ஏன்?"

"அதுல பஸ்ஸு லேட்டா வருதா, நேரத்துக்கு வருதா?"

"லேட்டாத்தான். அது பழைய காப்பி."

"அதை உங்க பேர் போட்டு அனுப்புங்க."

"வேலை போயிரும்."

"போகட்டுமா வேண்டாமான்னுதானே மூணு வருஷமா யோசிக்கிறீங்க? அது போனா யோசனை மிச்சம்."

அனுப்பினேன். இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. முழுப் பெயரோடு, படத்தோடு. படத்தில் புளியமரம் தென்னைமரம் மாதிரி இருந்தது, அதை விடுங்கள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் நானே ஒரு பிரதியை ஹெட் கிளார்க் மேஜையில் வைத்தேன். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வாரம் ஜோக்கு ஒண்ணும் சரியில்லீங்க தம்பி."

யாருமே படிப்பதில்லை. அனுமதி கேட்டிருக்கவே வேண்டாம். யாரும் கவனிக்காத ஒரு குற்றத்தைச் செய்ய மூன்று வருஷம் வரிசையில் நின்றிருக்கிறேன்.

ஒருவர் படித்திருந்தார். மூன்று வாரம் கழித்து ஆபீஸ் விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. மதுரை முத்திரை. மேலே பெயர், அதற்குப் பின்னால் எம்.ஏ., பி.எல்., அச்சடித்த காகிதம். 'தங்கள் கதையைப் படித்தேன். எனக்காக இயற்றப்பட்டு, எனக்கு வாசித்தளிக்கப்பட்டு, என் இல்லத்தின் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கும் மடலிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கதையில் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு முன்பாக என் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும்.'

நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து, ஒரே வரியில் ராஜினாமா எழுதினேன். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் ஒரு தடவை அனுமதி என்கிற சொல்லைப் படித்தால் யாரையாவது அடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பின் மெட்ராஸில் எழுதிப் பிழைத்த கதையில் பெருமைப்பட அதிகம் இல்லை. பாதி மாதம் பிழைப்போம், மீதி மாதம் எழுதுவோம். அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அங்கேயும் வரிகள் நிற்காது, பக்கம் போதாது, யாரோ எடுப்பார்கள். சண்டை போடுவேன். ஆனால் அவை என் பெயரில் போட்ட சண்டைகள்.

ராஜினாமாவை ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தபோது அவர் உண்மையிலேயே கலங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, உங்களுக்கும் ஒரு மடல் போடணும். பூ பார்டர் வெச்சு."

"அதெல்லாம் எதுக்கு சார்?"

"சும்மா இருங்க. ஊழியர் எல்லாரும் ஆசைப்படறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதன்கிழமைக்குள்ள நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நம்ம ஆபீசுல வேற யாருக்கு வரும்?"

எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வரி. மரம் வைக்கவில்லை.